நாற்பத்தோரு விநாடி

ஜனவரி 5, ஞாயிறு

டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, என் சாமான்களோடு பயன்படுத்தாத பழுதுப் பதிவேடு ஒன்றும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்பது வருடம் பரணில் கிடந்ததை இன்று இறக்கித் தூசி தட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் நான்கு கட்டங்கள் அச்சடித்திருக்கிறது: புகார், செய்த சோதனை, பழுது எந்த முனையில், பழுது நீங்கிய தேதி. கீழே குறிப்பெழுத நிறைய இடம். எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. இதை டைரி என்று யாரும் சொல்லவும் வேண்டாம்.

புகார்: மெல்போர்னில் இருக்கும் மகள் செண்பகத்தோடு வாட்ஸப்பில் பேச முடிவதில்லை. மொபைல் டேட்டாவில் மணி போகிறது, எடுக்கிறாள், நாலு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துவிடுகிறது. இன்று காலை பதினோரு மணிக்குப் பேசியது மொத்தமும் கீழே.

"செண்பா, அப்பா பேசுதேன்."

"ஆங், சொல்லுங்கப்பா."

"எப்படிம்மா இருக்க? மாப்ள, பேரன் எல்லாம் சௌக்கியமா?"

"ஹலோ... விட்டு விட்டுக் கேக்குதுப்பா. ஒரே இரைச்சலா இருக்கு. பொறவு பேசுதேன்."

நாற்பத்தோரு விநாடி.

கோவில்பட்டியில் முப்பத்து நான்கு வருடம் லைன் பார்த்தவன் நான். எந்த வீட்டு போன் செத்தாலும் 'உலகநாதனைக் கூப்பிடு' என்பார்கள். என் வீட்டிலேயே போன் சரியில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? ஆவுடையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "நம்ம வீட்ல டவர் எடுக்காதுங்க. டீச்சர் வீட்டு வைஃபைல நல்லாத்தான் கேக்குது" என்றாள் என் மனைவி.

பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சரைச் சொல்கிறாள். வாரத்தில் நாலு நாள் போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவாள். ஒரு மணி நேரம் கழித்து முகம் மலர்ந்து வருவாள். இடையில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர்தான்.

ஜனவரி 6, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. பத்து நாளாயிற்று. குடங்களை நிரப்பிவிட்டு வேலையில் இறங்கினேன்.

இணைய வேகச் சோதனை செய்ததில் பதினெட்டு எம்பிபிஎஸ் வந்தது. குரலுக்கு ஒன்று இருந்தாலே தாராளம். டேட்டா சேமிப்பு 'ஆன்' ஆகியிருந்தது, அணைத்தேன். வாட்ஸப்பில் 'அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா' என்பதையும் அணைத்தேன். சிம்மைக் கழற்றித் துடைத்து அடுத்த துளையில் போட்டேன். நெட்வொர்க் அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாக வைத்தேன். ஆவுடை சாப்பிடக் கூப்பிட்டபோது மணி இரண்டரை.

ஜனவரி 12, ஞாயிறு

முப்பத்தெட்டு விநாடி. அதே இரைச்சல் புகார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. நாற்பத்து நான்கு விநாடி.

ஜனவரி 20, திங்கள்

சிம் கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தது.

"சார், போனை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"தாயி, நீ பிறக்கதுக்கு முந்தியே நான் கம்பத்துல ஏறுனவன். பாக்கெட் இழப்பு எத்தனை சதவீதம்னு பாத்துச் சொல்லு."

"சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டீங்களா?"

வைத்துவிட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

பழுது பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. லைனைப் பாதியாக வெட்டிச் சோதிக்க வேண்டும். சரியாக இருக்கும் பாதியை விட்டுவிட்டு மறு பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். இப்படியே போனால் பழுது தப்ப முடியாது.

என்னோடு வேலை பார்த்த ஸ்டீபனைத் தூத்துக்குடியில் கூப்பிட்டேன். அதே போன், அதே சிம், அதே மொபைல் டேட்டா. நாற்பத்தைந்து நிமிடம், மணி அடித்தது போல் கேட்டது. 'சரி, வெளிநாட்டுப் பாதையில் சிக்கலோ?' என்று சிட்னியில் இருக்கும் அவன் மகள் நம்பரை வாங்கி அவளையும் கூப்பிட்டேன். இருபத்திரண்டு நிமிடம். "மாமா, பக்கத்து ரூம்ல இருந்து பேசுத மாதிரி இருக்கு" என்றாள். தன் அப்பாவின் சர்க்கரை பற்றி, அவர் மாத்திரை போடாமல் ஏமாற்றுவது பற்றியெல்லாம் சொன்னாள். ஒரு பெண் தகப்பனைப் பற்றி இவ்வளவு பேசுமா என்று இருந்தது.

முடிவு: என் போன் சரி. டேட்டா சரி. கடல் தாண்டும் பாதை சரி. பழுது செண்பகத்தின் முனையில்.

இலாகாவில் நான் எழுதிய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால் தெரியும். 'பழுது எந்த முனையில்' என்ற கட்டத்தில் 'நம் முனை' என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவை வந்ததில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

செண்பகம் தன் போனில் மாற்ற வேண்டியவற்றைப் பதினோரு படிகளாகத் தட்டெழுதி அனுப்பினேன். ஒன்றரை மணி நேர வேலை. பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பிறகு கூப்பிட்டேன். முப்பத்தொன்பது விநாடி.

பிப்ரவரி 9, ஞாயிறு

இரைச்சலை ஒழிப்பதென்று முடிவு செய்தேன். மின்விசிறி, ஃபிரிட்ஜ், டீவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று கூப்பிட்டேன்.

"இப்ப கேக்குதா?"

"இரையுதுப்பா."

நாற்பது விநாடி.

ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டேன். மத்தியானம் பார்த்தால் ஆவுடை அதிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "அவளுக்கு என்ன இரைச்சல் கேக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

இவளுக்கு டெக்னிக்கல் விஷயம் ஒன்றும் புரியாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரேஷனுக்குப் போகும் வழியில் எங்கள் பழைய தெருவுக்குள் நுழைந்தேன். அந்த இரும்புப் பெட்டி இன்னும் முனையில் நிற்கிறது. தெருவின் போன் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. கதவைக் காணோம், உள்ளே குப்பை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அரவை மில் மட்டும் முன்போலவே கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருந்தாலும், பதிவு என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

2007இல் செண்பகம் கல்லூரி இறுதி ஆண்டு. வீட்டு போனில் தினமும் அரை மணி, முக்கால் மணி பேசுவாள். கேட்டால் ரெக்கார்டு நோட்டுச் சந்தேகம் என்பாள். நான் அந்தப் பெட்டியைத் திறந்து எங்கள் வீட்டுக் கம்பியில் டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டேன். மூன்று நாள். பையன் பெயர் ஜெயசிங், பாலிடெக்னிக் முடித்தவன். கெட்ட பேச்சு ஒன்றும் இல்லை என்பதை நேர்மையாக எழுதுகிறேன். மழை, பஸ், பரீட்சை, கல்யாணம் செய்துகொண்டால் எந்த ஊரில் வீடு பார்ப்பது. அவ்வளவுதான்.

டெஸ்ட் போனில் ஒரு விசை இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் நாம் கேட்க மட்டும் செய்யலாம். மறுபக்கம் தள்ளினால் நம் பக்கத்துச் சத்தமும் லைனில் போகும். நான்காம் நாள் என் கட்டைவிரல் பட்டு அது நகர்ந்துவிட்டது. இத்தனை வருட சர்வீஸில் நான் செய்த ஒரே பிழை. அவர்கள் பேச்சுக்கு நடுவில் அரவை மில் ஓட ஆரம்பித்தது. செண்பகம் பேசுவதை நிறுத்தினாள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெருவில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா?

மறுநாள் நான் ஜெயசிங் வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டுமோ பேசினேன். அத்தோடு முடிந்தது. மூன்று வருடம் கழித்து மெல்போர்ன் மாப்பிள்ளை, நான் பார்த்து முடித்தது. தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

ரேஷனில் பருப்பு இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஆவுடையின் போனில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, நான் ரேஷனில் நின்ற நேரத்தில், செண்பகத்தோடு ஐம்பத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறாள். அன்று டீச்சர் வீடு பூட்டிக் கிடந்தது. ஆகவே இந்த வீட்டில், இந்த மொபைல் டேட்டாவில்.

இது மற்ற சோதனைகளோடு பொருந்தவில்லை. விதிவிலக்கு என்று குறித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாற்பத்திரண்டு விநாடி. பழுதான லைன் இவ்வளவு கணக்காக அறுந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

புது யோசனை. ஆவுடையின் வாட்ஸப் கணக்கிலிருந்து போனால் பாதை சரியாக இருக்கிறது. அந்தக் கணக்கை வேறொரு கருவியில் இணைத்துப் பார்த்தால் பழுது கணக்கிலா கருவியிலா என்று தெரிந்துவிடும். என்னிடம் பெரிய திரை உள்ள பழைய டேப் ஒன்று இருக்கிறது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது அவள் போனைத் திறந்து, டேபின் திரையில் இருந்த கியூஆர் கட்டத்தை அதற்குக் காட்டி இணைத்துவிட்டேன். ஒரு நிமிட வேலை. சோதனை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இணைந்ததும் செண்பகம் அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாக வந்து இறங்கின.

பிப்ரவரி 18, செவ்வாய்

குரலின் தெளிவைச் சோதிக்க ஒன்றை மட்டும் கேட்டேன். நாலு நிமிடம் பத்து விநாடி. ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு காரில் இருந்து பேசுகிறாள். பின்னால் வண்டி இண்டிகேட்டரின் டிக் டிக்கூடக் கேட்கிறது.

"யம்மா, நேத்து ஒன்ன மாதிரியே சொதி வச்சேன். தேங்காப்பால் திரிஞ்சு போச்சு. இவன் நல்லாருக்குன்னு சொல்லி முழுசும் தின்னுட்டான். பாவமா இருந்துச்சு."

சிரிக்கிறாள். செண்பகம் சிரித்துக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று கணக்குப் போட்டேன். பிறகு கணக்கை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

தினமும் ஒன்று வருகிறது. ஆவுடை அடுப்படி வேலையெல்லாம் முடித்துப் பத்து மணிக்குமேல்தான் போனை எடுப்பாள். நான் காலை ஆறு மணிக்கே தெளிவுச் சோதனையை முடித்துவிடுகிறேன். இதுவரை பதினான்கு செய்திகள், மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். அறுபட்டது: இல்லை. தெளிவு: மிக நன்று.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று வந்த செய்தி: "அவரு எங்கள விட்டுட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு, விவாகரத்து பேப்பரும் வந்துட்டு. நீ இன்னும் அப்பாட்ட மாப்ள நல்லாருக்காரு, வேலை ஜாஸ்தின்னு சொல்லிட்டு இருக்கியே, ஒனக்கு அலுக்கலையாம்மா? நான் ஒண்ணும் அப்பாவுக்குப் பயப்படல. அவருக்குத் தெரிய வேண்டாம், அவ்வளவுதான். என் வீட்ல நடக்கது எனக்குத் தெரியட்டும், ஒனக்குத் தெரியட்டும், போதும்."

நான் பார்த்த மாப்பிள்ளை.

ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இரைச்சல் புகாருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா ஹலோன்னாலே எனக்கு அந்த மில்லு ஓட ஆரம்பிச்சிருதும்மா. நான் என்ன செய்ய. பதினெட்டு வருசமாச்சு. அவரு நல்லா இருக்கட்டும். ஆனா எங்க நின்னு கேக்காரோன்னு தோணிக்கிட்டே இருக்கு. பேச முடியல."

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தினேன். ஆவுடை பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்வது, எங்கே கேட்டேன் என்று சொல்வது? காப்பியில் சர்க்கரை குறைவு என்றேன்.

டேபை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்குப் போன ஆவுடை பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"அந்த டேபை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"காலைல அவ அனுப்புனத நான் இன்னும் தொறக்கவே இல்ல. 'கேட்டுட்டியாம்மா'ங்கா. இல்லன்னேன். 'கேட்டாச்சுன்னு இங்க மைக்கு நீலமாயிட்டே'ங்கா. டீச்சர் என் போனை வாங்கிப் பாத்துட்டு, இன்னொரு மிசின் சேந்திருக்கு, மூணு வாரமா சேந்திருக்குன்னாங்க. அதுக்கு முந்தியே செண்பா கேட்டா, 'அப்பா கேக்காராம்மா'ன்னு. அப்படில்லாம் இருக்காதுட்டி, என் மேல சத்தியம்னு சொல்லிட்டேன்."

"சோதனைக்காகத்தான் ஆவுடை. சத்தம் தெளிவா வருதான்னு..."

"அன்னைக்கும் கேட்டா. மில்லுச் சத்தம் போன்ல எப்படிம்மா வரும்னு. உங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருன்னு அன்னைக்கும் சத்தியம் பண்ணேன். ரெண்டு தடவ என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும். டேபை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கேட்டது அனுப்பியவருக்கு நீலமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் காலத்துக் கருவிகளில் விசை எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை.

மார்ச் 10, திங்கள்

உப்புமா. பேச்சில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கூப்பிட்டேன். மணி மட்டும் போனது.

ஆவுடைக்கும் செண்பகம் குரல் செய்தி அனுப்புவதில்லை. 'வேலைக்குப் போறேன்', 'சாப்பிட்டேன்' என்று எழுத்தில் மட்டும் வருகிறதாம். ஆவுடை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரியை அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் வீட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

தண்ணீர் பிடிக்கும்போது டீச்சர் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, பிள்ளைட்ட ஒரு வார்த்த மன்னிச்சுக்கோன்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?"

"எதுக்கு டீச்சர்? நான் கேட்டது சத்தத்த. விசயத்த இல்ல."

டீச்சர் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாதிதான் நிறைந்திருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

செண்பகத்துக்கு நானே ஒரு குரல் செய்தி பதிவு செய்தேன். முதல் தடவை இருமல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை இணைத்த கருவி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டே போய்விட்டேன், அழித்தேன். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு அனுப்பியதில் இவ்வளவுதான் இருக்கிறது: "செண்பா, அப்பா. நான் கேட்டது தப்புதான். அப்பவும் தப்புதான். சாப்டும்மா, ஒடம்பப் பாத்துக்கோ."

பன்னிரண்டு விநாடி.

ஏப்ரல் 6, ஞாயிறு

போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் விழுந்துவிட்டது. மைக் அடையாளம் சாம்பலாகவே இருக்கிறது. காலையில் எழுந்ததும் பார்க்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன். நீலமாகவில்லை.

ஏப்ரல் 19, சனி

பீரோவிலிருந்து ஆவுடை தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள். பேரன் பிறந்தபோது போய்வந்தது, பிறகு ஒருதடவை புதுப்பித்தது. டீச்சரும் இவளுமாக விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். எனக்குத் தெரியாமல் எல்லாம் நடந்திருக்கிறது.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

"அவ எத்தன நாள் இருக்கச் சொல்லுதாளோ அத்தன நாளைக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே."

"அங்க போனாத்தான் அவ குரலைக் கேக்க முடியும். வேற வழி விட்டீங்களா?"

மே 18, ஞாயிறு

பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்காய் என்று இரண்டு நாளாக வீடு முழுக்க வாசனை. எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. எனக்கென்று ஒரு டப்பா பருப்புப்பொடி அடுப்படி மேடையில் இருக்கிறது.

மே 21, புதன்

மதுரை விமான நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். டீச்சர் கூடப் போனார்கள். காலண்டரில் தண்ணீர் வரும் நாட்களைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். மாத்திரை டப்பாவில் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு இரண்டு கோடு. கார் தெரு முனை திரும்பும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

மே 23, வெள்ளி

'வந்து சேந்துட்டேன்' என்று எழுத்தில் வந்தது. பேரன் தட்டெழுதிக் கொடுத்திருப்பான்.

மே 26, திங்கள்

சோறு குழைந்துவிட்டது. பருப்புப்பொடி பாதி டப்பா தீர்ந்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு ஆவுடையின் போனுக்குக் கூப்பிட்டேன். அதே போன், அதே சிம், அதே மொபைல் டேட்டா. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"ஆவுடை, நான்தான்."

"ஆங். சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நேத்து தண்ணி வந்துச்சு, புடிச்சு வச்சிட்டேன். குளிரு எப்படி இருக்கு?"

"இருக்கு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பையன் ஏதோ இங்கிலீஷில் கேட்டான். சற்றுத் தள்ளி செண்பகம், "யாரும்மா?" என்றாள். ஒரு பாத்திரத்தை எடுத்து மேடையில் வைத்தாள். அதன் மூடி உருண்டு அடங்கும்வரை எனக்குக் கேட்டது. அவ்வளவு தெளிவு.

"செண்பா பக்கத்துலயா இருக்கா? ஒரு நிமிசம் குடேன், ஆவுடை. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஆவுடை மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"விட்டு விட்டுக் கேக்குதுங்க" என்றாள். "ஒரே இரைச்சலா இருக்கு. பொறவு பேசுதேன்."

நாற்பத்தோரு விநாடி.

வேகச் சோதனை செய்யவில்லை. சிம்மைக் கழற்றவில்லை. பதிவேட்டை எடுத்து, 'பழுது எந்த முனையில்' என்ற கட்டத்தில் 'நம் முனை' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பழுது நீங்கிய தேதியை எழுத வேண்டும். பேனாவை மூடிவிட்டு, சோறு வைக்கப் போனேன்.